தேயிலை மலையில் காணத்தக்கவை

பகாங் மாநிலத்துக்குக் கடலில் ஒரு தீவும் உண்டு, மேகத்தின் அண்டையில் ஒரு மலையும் உண்டு. தியோமான் தீவைச் சுற்றிலும் பவளப்பாறைகளும் தெளிந்த நீரும் இருக்கின்றன. ஆனால் நவம்பர் பிறந்து வடகிழக்குப் பருவக்காற்று வீசத் தொடங்கியதும், கடல் கொந்தளித்து, படகுப் போக்குவரத்துக் குறைந்து, விடுதிகள் பலவும் கதவைச் சாத்திக்கொள்ள, ஆண்டிறுதி விடுமுறையில் பிள்ளைகளை எங்கேயாவது அழைத்துப் போயாக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தில் இருக்கும் குடும்பஸ்தர்கள், தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ கேமரன் மலைக்கு ஏறிவிடுகிறார்கள். ஏறுவதில் தவறில்லை. ஒரு சிறு தீவை ஒரு பகலில் வலம் வந்து, கரை தொட்ட இடங்களையெல்லாம் விரல்விட்டு எண்ணி, 'பார்த்தாயிற்று' என்று திருப்தியோடு திரும்புகிற பழக்கத்தையே மலைக்கும் கொண்டுவந்துவிடுகிறோமே, அதுதான் என் ஆட்சேபம்.

அந்தப் பிரயாணத்தின் திட்டம் ஏறக்குறைய எல்லாக் குடும்பங்களுக்கும் ஒன்றாகவே இருக்கிறது. முதலில் ஸ்டிராபெரித் தோட்டம். பிறகு லாவண்டர்ப் பூந்தோட்டம். அப்புறம் வண்ணத்துப்பூச்சிப் பண்ணை, தேனீப் பண்ணை, கள்ளிச்செடி விற்கும் இடம், கியா ஃபார்ம் சந்தையில் சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும். இவற்றுக்கு நடுவே எங்கேயோ ஒரு தேயிலைச் சரிவின் ஓரத்தில் வண்டியை நிறுத்தி, கால்மணி நேரம் படம் பிடித்துக்கொண்டு, நெரிசலுக்கு முன்னால் இறங்கிவிட வேண்டுமென்று புறப்பட்டு, பிரிஞ்சாங் சாலையில் அந்த நெரிசலுக்குள்ளேயே போய் அகப்பட்டுக்கொள்வது. பள்ளி விடுமுறையிலும் நீண்ட வார இறுதிகளிலும் பிரிஞ்சாங்குக்கும் கியா ஃபார்முக்கும் இடையே உள்ள சில கிலோமீட்டர் தூரத்தைக் கடக்க மணிக்கணக்காகக் காத்திருந்தவர்கள் இந்தக் கட்டுரையை வாசிக்கும்போது தலையசைப்பார்கள். ஸ்டிராபெரியைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அது புளிக்கும்.

இந்த மலையிலே காணத்தக்கவற்றுள் முதன்மையானது தேயிலைத் தோட்டம் என்பதும், தோட்டத்திலே காணத்தக்கவற்றுள் முதன்மையானது அதை உண்டாக்கியவர்களின் சரித்திரம் என்பதும் என் அபிப்பிராயம். மற்றவையெல்லாம் வேறிடங்களிலும் கிடைக்கும்.

மலையின் பெயர் வில்லியம் கேமரன் என்ற ஆங்கிலேய அரசாங்க நில அளவையாளரால் வந்தது. 1885-இல் பகாங்குக்கும் பேராக்குக்கும் இடைப்பட்ட பெருங்காட்டில் அலைந்து அளந்தபோது, மலைகளின் நடுவே சமதளம் போன்ற ஒரு பீடபூமியைக் கண்டதாக அவர் எழுதிவைத்தார். அதன்பின் நாற்பது ஆண்டுகள் அந்தக் குறிப்பு ஏறக்குறைய தூங்கிக்கொண்டே கிடந்தது. 1925-இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற உயர் அதிகாரி நேரில் வந்து பார்த்து, உதகமண்டலத்தையும் நுவரெலியாவையும் போன்ற ஒரு குளிர்வாசஸ்தலத்தை மலாயாவிலும் ஏற்படுத்திவிடலாம் என்று முனைந்த பிறகே காரியங்கள் வேகம் பெற்றன. தாப்பாவிலிருந்து சாலை வெட்டும் வேலை தொடங்கி, 1930-களின் ஆரம்பத்தில் வண்டிகள் தானா ராத்தா வரை ஏறின. அந்தச் சாலை இன்றும் அப்படியே வளைந்து வளைந்து போகிறது. வயிறு பலவீனமானவர்கள் லத்தா இஸ்கண்டார் அருவியருகே சற்று இறங்கி இளைப்பாறிவிட்டு ஏறுவது நலம். கடல்மட்டத்துக்கு மேல் 1,400 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் தானா ராத்தாவிலே பகல் வெப்பம் 25 பாகையைத் தாண்டுவது அபூர்வம். வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு அந்தச் சீதோஷ்ணமே போதுமாயிருந்தது. கோல்ஃப் மைதானமும், கணப்பு எரியும் விடுதிகளும், ரோஜாத் தோட்டம் சூழ்ந்த பங்களாக்களும் வந்து சேர்ந்தன. 1937-இல் எழுந்த ஸ்மோக்ஹவுஸ் விடுதி இன்னும் அந்தக் காலத்து இங்கிலாந்துக் கிராமத்தின் வேஷத்தைக் கலைக்காமல் நிற்கிறது.

தேயிலை வந்தது 1929-இல். ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற வியாபாரி, இலங்கையில் தேயிலை வளர்த்துப் பழகிய ஏ. பி. மில்ன் என்பவரைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டு, ஒரே ஒரு நீராவி உருளை இயந்திரமும் சில கோவேறு கழுதைகளும் கூலியாட்களும் கொண்டு காட்டை அழித்துத் தோட்டம் போட்டார் என்று அவருடைய போ நிறுவனம் தன் கதையைச் சொல்லிக்கொள்கிறது. இயந்திரத்தின் எண்ணிக்கை அதில் இருக்கிறது, கழுதைகள் கூட இருக்கின்றன; 'கூலியாட்கள்' என்ற ஒரே சொல்லுக்குள்ளே மறைந்துபோன மனிதர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். 1933-இல் வட இந்தியக் குடும்பமொன்றின் பாரத் தோட்டமும் எழுந்தது. தாப்பா சாலையிலிருந்து ஏறி வருகிறவர்களின் கண்ணுக்கு ரிங்லெட்டைத் தாண்டியதும் பள்ளத்தாக்கு முழுவதும் பச்சைக் கம்பளம் விரித்தாற்போலத் தெரியவருவது அந்தத் தோட்டத்தின் சரிவுதான். போ நிறுவனமோ காலக்கிரமத்தில் நாட்டிலேயே பெரிய தேயிலை உற்பத்தியாளராக வளர்ந்து, ஹாபு அருகிலும் சுங்கை பாலாஸிலும் பார்வையாளர்களை வரவேற்கிற நிலையை அடைந்துவிட்டது.

அந்த 1929-ஆம் ஆண்டைச் சற்று நிறுத்தி யோசிக்க வேண்டும். உலகப் பொருளாதார மந்தம் தாக்கி, ரப்பரின் விலை பாதாளத்துக்கு இறங்கி, தீபகற்பத்தின் சமவெளித் தோட்டங்களிலே வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர்களை ஆயிரக்கணக்கில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கும் சென்னைக்கும் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த அதே காலத்தில்தான் இந்த மலைக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். பிறகு 1936-இன் இறுதியில் வி. எஸ். ஸ்ரீநிவாச சாஸ்திரியார் இந்திய அரசாங்கத்தின் பிரதிநிதியாக மலாயாவுக்கு வந்து, தோட்டத் தொழிலாளர் நிலையை விசாரித்து மறு ஆண்டு அறிக்கை கொடுத்தார். 1938-இல் கூலி சம்பந்தமான தகராறு முற்றியதால், உதவிப்பணத்தோடு ஆள் திரட்டி மலாயாவுக்கு அனுப்பும் முறையையே இந்திய அரசாங்கம் நிறுத்திவிட்டது. கணக்கிட்டுப் பார்த்தால், கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்குப் போய், உறவையும் ஊரையும் சொல்லி ஆளைக் கூட்டிவந்து நேராக இம்மலையிலே இறக்குவதற்கு இருந்த கால அவகாசம் பத்தாண்டுக்கும் குறைவு. அந்தக் குறுகிய இடைவெளியில் வந்தவர்களும், கீழே ரப்பர்க் காடுகளில் பால் வெட்டிப் பழகிவிட்டு மேலே ஏறியவர்களும், அவர்களுக்குப் பிறந்தவர்களுமே இந்தச் சரிவுகளுக்கு உருவம் கொடுத்தார்கள். ஜப்பானியர் ஆட்சியிலே மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில்பாதை வேலைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட துயரமும் அந்தத் தலைமுறையின் கண் முன்னேதான் நிகழ்ந்தது.

இனி, தோட்டத்தில் எதைப் பார்ப்பது? சுங்கை பாலாஸுக்குப் போகும் சாலை ஒரு வண்டி போகும் அகலமே உள்ளது. எதிரே ஒன்று வந்தால் இரண்டிலொன்று பின்வாங்கித்தான் ஆகவேண்டும். ஆகவே காலையிலேயே போய்விடுவது உத்தமம். வண்டியை விட்டு இறங்கி, பாதையோரமாக நடந்துகொண்டே செடிகளை நோக்கினால், தூரத்திலிருந்து மெத்தை போலத் தெரிந்தது உண்மையில் தலைவெட்டிக் குறுக்கப்பட்ட மரங்களின் வரிசை என்பது புலப்படும். தேயிலைச் செடியை அதன் போக்கிலே விட்டால் மரமாக ஓங்கிவிடும். மனிதனுடைய இடுப்பளவுக்கு அதை நிறுத்திவைப்பதற்காகவே குறித்த காலத்துக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டுகிறார்கள். இரண்டு இலையும் ஒரு குருத்துமாகக் கையால் கிள்ளிக் கூடையிலே போடுகிற காட்சியைத் தேடி வருகிறவர்கள் ஏமாறக்கூடும். ஆள் பற்றாக்குறையினால் இங்கே பெரிய கத்தரிக்கோலும், இருவர் இருபுறமும் பிடித்துச் செடிவரிசையின் மேல் நகர்த்திக்கொண்டு போகும் இயந்திரமுமே பெரும்பாலும் கொழுந்து வெட்டுகின்றன. விளம்பரப் படங்களிலே இன்னும் கூடை சுமக்கிற பெண்ணையே காட்டுகிறார்கள். அவளுக்கு அந்த வேலை போய் வெகுகாலமாயிற்று.

வெட்டின இலை ஆலைக்குள்ளே போனபின் நடப்பதைப் பிள்ளைகளுக்கு நிதானமாகக் காட்டிக்கொடுக்க வேண்டும். முதலில் காற்றை ஊதி ஈரம் போக வாட்டுகிறார்கள். பிறகு உருளைகளில் இட்டுக் கசக்குகிறார்கள். கசங்கிய இலையின் சாறு காற்றோடு கலந்து, பச்சை நிறம் செம்புநிறமாக மாறுகிற நேரத்திலேதான் தேயிலைக்குத் தேயிலையின் வாசனை பிறக்கிறது. அந்த நேரம் சற்று மிஞ்சினாலும் குறைந்தாலும் சுவை கெட்டுவிடும். அப்புறம் சூடான காற்றில் உலர்த்தி, சல்லடைகளில் சலித்து, இலைத்துணுக்கின் அளவுப்படி தரம் பிரிக்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து கிலோ பச்சைக்கொழுந்து வாடிக் கசங்கிக் காய்ந்து ஒரு கிலோ தூளாகிறது. இதைக் கண்டபின் சரிவுக்கு மேலே நீட்டிக் கட்டப்பட்டிருக்கும் மேடையில் உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீரை, சுண்டக் காய்ச்சிய டின் பாலும் சீனியும் ஒரு முறையாவது தவிர்த்துவிட்டு, குடித்துப் பார்க்க வேண்டும். கடைத்தெருத் 'தே தாரேக்'கின் மீது எனக்கும் பிரியம் உண்டு. அதிலே தேயிலையின் ருசியை மட்டும் தேடக்கூடாது.

பார்வையாளர் மேடையிலிருந்து கீழே நோக்கினால் தொழிலாளர் குடியிருப்பின் கூரைகள் தெரியும். வருகிறவர்களில் பெரும்பாலோர் அந்தக் கூரைகளைப் படத்தின் ஓரத்திலே அழகுக்காகச் சேர்த்துக்கொள்வதோடு சரி. அங்கே இன்று குடியிருப்பவர்களில் வங்காளதேசத்திலிருந்தும் நேபாளத்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஒப்பந்தத்தின் மேல் வந்தவர்கள் பலர். தமிழ்ப் பிள்ளைகள் படித்து, ஆசிரியர்களாகவும் அரசாங்க உத்தியோகஸ்தர்களாகவும் வியாபாரிகளாகவும் ஆகி, ரிங்லெட்டுக்கும் தானா ராத்தாவுக்கும், அதையும் தாண்டி ஈப்போவுக்கும் கோலாலம்பூருக்கும் இறங்கிவிட்டார்கள். இறங்கியது நல்லதே, லயத்து வீட்டிலே பேரப்பிள்ளையும் பிறந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் அதே பெரட்டுக்களத்தில் போய் நிற்க வேண்டும் என்று எந்தப் பாட்டியும் விரும்பியிருக்கமாட்டாள். ஆயினும் அவர்கள் கட்டியவை நிற்கின்றன. பிரிஞ்சாங்கில் தண்டாயுதபாணி கோயில் நிற்கிறது. குளிர் மலையில் குமரன் குடியேறியதிலே தமிழருக்கு வியப்பில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளும் நிற்கின்றன. போ தோட்டத்தின் பெயரைத் தாங்கிய பள்ளியிலே இன்றும் அகரம் எழுதிப் பழகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கேமரன் மலைக்குப் போகும் தமிழ்க் குடும்பங்களில் எத்தனை பேர் அந்தக் கோயில் வாசலிலே கால்மணி நேரம் நின்று, அங்கிருக்கும் ஒரு முதியவரிடம் 'ஐயா, உங்கள் தகப்பனார் எந்த ஊரிலிருந்து வந்தார்?' என்று கேட்டிருப்பார்கள்?

இந்த மலையின் கதையென்று சுற்றுலாப் பயணிகளுக்கு விடாமல் சொல்லப்படுவது வேறொன்று. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தால் புகழ்பெற்ற ஜிம் தாம்சன் என்ற அமெரிக்கர், 1967 மார்ச் 26-ஆம் தேதி ஈஸ்டர் ஞாயிறன்று, நண்பர்களின் பங்களாவிலிருந்து உலாவப் போனவர் திரும்பவேயில்லை. போலீசாரும் படைவீரரும் ஓராங் அஸ்லிப் பூர்வகுடி மக்களும் காட்டைச் சல்லடையாகச் சலித்தும் ஒரு துரும்பும் அகப்படவில்லை. அதுமுதல் புலி தின்றதென்றும், உளவு நிறுவனத்தின் வேலையென்றும், தாமே ஓடிப்போனார் என்றும் புத்தகத்தின் மேல் புத்தகமாக எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மர்மம் மர்மந்தான், சுவாரசியத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் காணாமற்போன ஒரு செல்வந்தரைப் பற்றி இத்தனை புத்தகங்களை உண்டாக்கிய மலையில், காட்டை வெட்டிச் சரிவைப் படியாக்கிய முதல் தலைமுறையைப் பற்றிப் பயணி கையிலே எடுத்துக்கொண்டு போகத்தக்க ஒரு சிறு நூல்கூட அவன் கண்ணில் படுவதில்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

பிற நாடுகளில் இந்தக் குறையை உணர்ந்து காரியம் செய்திருக்கிறார்கள். கேரளத்து மூணாற்றிலே 2005-இல் நல்லதண்ணி எஸ்டேட்டில் தேயிலை அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்து, பழைய இயந்திரங்களையும் படங்களையும் வைத்திருக்கிறார்கள். இலங்கையிலே கண்டிக்கு அருகே ஹந்தானையில், பயன்படாமற்போன ஓர் ஆலையையே அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். இவை இரண்டும் பெரும்பாலும் இயந்திரத்தின் சரித்திரத்தைச் சொல்கின்றன. ஆனால் கம்பளைக்கு அருகே மற்றொன்று உண்டு: தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம் என்றே பெயரிட்டு, பழைய லயன் அறைகளுக்குள்ளேயே அதை அமைத்து, ஒரு குடும்பம் சமைத்துப் படுத்துப் பிள்ளைபெற்று வாழ்ந்த இடத்தின் அளவு எவ்வளவு என்பதைப் பார்வையாளன் தன் உடம்பாலேயே உணரும்படி செய்திருக்கிறார்கள். மொரீஷியஸ் தீவிலோ ஒப்பந்தக் கூலிகள் கரையிறங்கிய ஆப்ரவாசி காட் 2006-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னமாகவே அங்கீகாரம் பெற்றது. கடற்கரைக்காக அந்தத் தீவுக்குப் போகிற உல்லாசப் பிரயாணிகள் பலர் அந்தக் கூலிகள் ஏறிவந்த படிக்கட்டுகளையும் பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். அதனால் அவர்களுடைய உல்லாசம் கெட்டுப்போனதாகக் கேள்வியில்லை.

கேமரன் மலையிலும் இது முடியாத காரியமன்று. தோட்டங்களில் பழைய லயத்து வரிசை ஒன்றை இடிக்காமல் வைத்து, ஓர் அறையில் அடுப்பும் அம்மியும், ஓர் அறையில் கங்காணியின் கணக்குப் புத்தகம் போன்ற பத்திரங்களும், மற்றோர் அறையில் முதியவர்களின் குரலைப் பதிவு செய்து கேட்கும் வசதியும் ஏற்படுத்திவிட்டால் போதும். தோட்ட நிறுவனங்களுக்கு இது பெருஞ்செலவாகாது. பகாங் மாநில அரசாங்கத்துக்குச் சுற்றுலா வருமானம் கூடும். நம் சங்கங்களும் பழைய மாணவர் அமைப்புகளும் விருந்துகளுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை ஒதுக்கினால் குரல் பதிவு வேலையை உடனே தொடங்கிவிடலாம். 1930-களில் வந்தவர்களின் பிள்ளைகள் இன்று எண்பதையும் தொண்ணூறையும் தொட்டுக்கொண்டிருக்கிறார்கள். தாமதிக்க நேரமில்லை. விளக்கப் பலகைகளில் தமிழுக்கும் ஒரு வரி இடம் கொடுக்க வேண்டும் என்று நான் கேட்பதும் மிகையென்று யாரும் சொல்லமாட்டார்கள்.

மலைக்குத் தோட்டத்துக்கு முந்திய சொந்தக்காரர்களும் உண்டு. தாப்பா சாலையின் ஓரத்தில் மூங்கில் கொட்டகை போட்டு, பெத்தாய்க் காயும் காட்டுத்தேனும், பருவத்தில் டுரியானும் விற்கிற செமாய் மக்கள், கேமரனின் அளவுச் சங்கிலிக்கு எத்தனையோ காலம் முன்பே இந்தக் காட்டை அறிந்தவர்கள். பேரம் பேசாமல் அவர்களிடம் ஒரு குப்பித் தேன் வாங்குவதைப் பிரயாணத்தின் பகுதியாகக் கொள்ளலாம். 2,000 மீட்டருக்கு மேல் உயர்ந்த பிரிஞ்சாங் சிகரத்தருகே மேகத்திலேயே நனைந்து, பாசி போர்த்து, குடுவைத்தாவரங்கள் தொங்கும் காடு இருக்கிறது. அது விரைவில் காயப்படும் காடு. போகுமுன் வனத்துறையின் விதிகளைக் கேட்டறிந்து, அனுமதித்த பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டும். சரிவுகளைச் சுரண்டிக் காய்கறிக் கொட்டகைகளை வரம்பின்றிப் பெருக்கியதின் பலனை மலை ஏற்கெனவே அனுபவித்துவிட்டது. ஆற்றில் மண் இறங்கி ரிங்லெட் நீர்த்தேக்கம் தூர்ந்துகொண்டேயிருக்க, 2013 அக்டோபரில் அணையிலிருந்து நள்ளிரவில் நீர் திறந்துவிடப்பட்டபோது பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகள் சேற்றில் மூழ்கி உயிர்கள் போயின. மலிவான முட்டைக்கோசுக்கும் மலிவான விடுதி அறைக்கும் ஒரு விலை இருக்கிறது. அதைக் கொடுத்தவர்கள் பள்ளத்தாக்கில் இருந்தவர்கள்.

வாசகர்களுக்கு என் வேண்டுகோள் இவ்வளவே. மலைக்குப் போவதானால் நெரிசல் நாட்களை விட்டு, வார நடுவிலே ஓரிரவுக்கு மேல் தங்கும்படி போங்கள். ஒரு காலைப்பொழுதை முழுமையாகத் தேயிலைத் தோட்டத்துக்கும் ஆலைக்கும் கொடுங்கள். ஒரு மாலைப்பொழுதைக் கோயிலுக்கும், அங்கே பேச்சுக்குக் கிடைக்கும் பெரியவர்களுக்கும் கொடுங்கள். மிஞ்சின நேரத்தில் பிள்ளைகளின் விருப்பப்படி ஸ்டிராபெரியும் பறித்துக்கொள்ளுங்கள். கம்பளிச்சட்டையும் குடையும் கையில் இருக்கட்டும். திங்கட்கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். சுங்கை பாலாஸ் தேயிலை நிலையம் பொதுவாக அன்று திறந்திருப்பதில்லை.